கல்லூரி மூடிவிட்டது, கடனை யார் கட்டுவது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் லாப நோக்கில் நடத்தப்படும் ஒரு தனியார் கல்லூரியில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் ஏழு மாதம் முடித்திருக்கிறாள். இன்னும் மூன்று மாதம் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரியை மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. அவள் பெயரில் 5,500 டாலர் ஃபெடரல் கடன், என் பெயரில் 7,000 டாலர் பேரன்ட் ப்ளஸ் கடன், கல்லூரிக்கே தவணையாகக் கட்ட வேண்டியது 2,400 டாலர். வேறு கல்லூரியில் சேர்த்துவிடுகிறோம், படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? இந்த நிலைமை வரும்வரை அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. இந்த வாரம் போடாதீர்கள். ஒருவேளை கடைசியில் போடுவதுதான் சரி என்றே ஆகலாம், ஆனால் அது என்ன கையெழுத்து என்று தெரிந்துகொண்டு போடுங்கள். கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்களில் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். மூடப்பட்ட கல்லூரிகளிலிருந்து வந்த பிள்ளைகள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குப் பண இழப்பு கல்லூரி மூடிய நாளில் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு மூன்று வாரத்தில், பதற்றத்தில் செய்த காரியத்தால் வந்தது.

உங்கள் மூன்று கடனும் மூன்று விதமானவை. ஒன்றாகக் கூட்டி 14,900 டாலர் என்று பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வழி இருக்கிறது.

ஃபெடரல் கடன் இரண்டுக்கும், அதாவது மகள் பெயரில் இருப்பதற்கும் உங்கள் பெயரில் இருக்கும் பேரன்ட் ப்ளஸ்ஸுக்கும், 'க்ளோஸ்ட் ஸ்கூல் டிஸ்சார்ஜ்' என்று ஒரு தள்ளுபடி உண்டு. படிப்பு முடிவதற்குள் கல்லூரி மூடிவிட்டால், அந்தப் படிப்புக்காக வாங்கிய ஃபெடரல் கடன் முழுவதையும் ரத்து செய்கிறார்கள். ஏற்கெனவே கட்டியது இருந்தால் அதுவும் திரும்ப வரும். கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கடனால் ஏற்பட்ட கறையும் நீக்கப்படும். மூடும் நாளில் கல்லூரியில் பதிவில் இருந்தவர்கள், அனுமதி பெற்று விடுப்பில் இருந்தவர்கள், மூடுவதற்குச் சற்று முன்னால் விலகியவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். 2020 ஜூலை 1-க்குப் பிறகு வழங்கப்பட்ட கடன் என்றால் அந்த 'சற்று முன்' என்பது 180 நாள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இருக்கும் தேதியும், கல்லூரி மூடியதாக ஃபெடரல் கல்வித்துறை பதிவு செய்யும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த அதிகாரபூர்வத் தேதிதான் கணக்கு. இனிமேல் அங்கே போய் என்ன பிரயோஜனம் என்று மகள் இன்றைக்கே விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். பதிவில் இருக்கட்டும்.

இப்போது அந்தப் படிவம். அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் 'டீச்-அவுட்'. மூடுகிற கல்லூரியின் மாணவர்களை வேறொரு கல்லூரி ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிப்பை முடித்துக் கொடுக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கு விலை உண்டு. அதை ஏற்றுப் படிப்பைத் தொடர்ந்தால் கடன் தள்ளுபடி உரிமை போய்விடும். டீச்-அவுட் இல்லாமல் நீங்களாகவே வேறு கல்லூரிக்குக் கிரெடிட்டை, அதாவது முடித்த பாடங்களுக்கான மதிப்பு அலகுகளை, மாற்றி அதே மாதிரியான படிப்பை முடித்தாலும் அப்படித்தான். படிப்பின் பலன் உங்களுக்குக் கிடைத்துவிட்டது, ஆகவே கடனும் உங்களுடையது என்பது விதியின் கணக்கு.

ஒரு பையன் ஞாபகம் வருகிறான். நெட்வொர்க்கிங் படிப்பு, 60 கிரெடிட்டுக்கு மேல் முடித்திருந்தான், ஃபெடரல் கடன் 20,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து எங்கள் கல்லூரியின் கிரெடிட் மாற்று விண்ணப்பத்தை எடுத்து வைத்தான். கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதியிருந்தான். மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து இருவரும் பார்த்தோம். எங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது மூன்றே மூன்று பாடங்களை. 9 கிரெடிட். அந்த 9 கிரெடிட்டை வாங்கிக்கொண்டு அதே நெட்வொர்க்கிங்கைப் படித்து முடித்தால், 20,000 டாலர் தள்ளுபடியை அவனே கைவிட்டதாக ஆகும். பேனாவை எடுத்து அந்த விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டான். தள்ளுபடிக்கு மனுக் கொடுத்துவிட்டு, முதல் பாடத்திலிருந்து புதிதாகத் தொடங்கினான். இரண்டு வருஷம் போனது உண்மை, அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்காமல் படித்தான்.

அவன் விஷயம் விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. லாப நோக்குக் கல்லூரிகளிலிருந்து அரசுக் கல்லூரிகளுக்கு மாறிய மாணவர்கள் தங்கள் கிரெடிட்டில் சுமார் 94 சதவீதத்தை இழந்தார்கள் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். "உங்கள் கிரெடிட் எங்கேயும் செல்லும்" என்று சேர்க்கை அலுவலகத்தில் யாராவது சொல்லியிருந்தால், அதைச் சொன்னவர் பெயர், தேதி, எழுத்தில் இருந்தால் அந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கல்லூரி ஏமாற்றிச் சேர்த்தது என்று காட்ட முடிந்தால் 'பாரோவர் டிஃபென்ஸ்' என்று இன்னொரு தள்ளுபடி வழியும் இருக்கிறது. அது நீண்ட வழி, ஆனால் படிப்பை முடித்தவர்களுக்குக்கூட அது பொருந்தும்.

உங்கள் மகள் விஷயத்தில் முடிவு எடுப்பது கொஞ்சம் கடினம். பத்து மாதப் படிப்பில் ஏழு மாதம் முடிந்துவிட்டது. முதல் மாதத்தில் இருப்பவளாக இருந்தால் யோசிக்காமல் தள்ளுபடியை எடு என்றிருப்பேன். மூன்று மாதம்தான் பாக்கி என்பதால், மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். டீச்-அவுட் கல்லூரி அவள் முடித்த பாடங்கள் எல்லாவற்றையும் ஏற்கிறதா, இல்லை சிலவற்றை மறுபடி படிக்கச் சொல்கிறதா? கூடுதல் கட்டணம் உண்டா? கடைசி மாதங்களில் கிளினிக்கில் செய்ய வேண்டிய பயிற்சிக்கு இடம் இப்போதே உறுதியா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பயிற்சி இடம் கிடைக்காமல் ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடுகிற கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு இந்த டீச்-அவுட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வந்து, அந்தச் சான்றிதழை வைத்து அவளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பிக்கையும் இருந்தால், முடித்துவிடுவது நியாயமான முடிவு. பதில் மழுப்பலாக இருந்தால் 12,500 டாலர் தள்ளுபடியை எடுத்துக்கொண்டு ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரியில், தொடங்குவது மேல். அங்கே கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

தள்ளுபடி என்று முடிவெடுத்தால் தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், மனுக் கொடுங்கள். இந்தத் தானியங்கித் தள்ளுபடி விதி ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. 2016-ல் கொண்டுவந்த விதிப்படி மூன்று வருஷம் கழித்துத் தானாகக் கிடைக்கும். 2020 விதியில் அதை எடுத்துவிட்டார்கள். 2022 விதியில் ஒரு வருஷத்தில் கிடைக்கும் என்றார்கள். அது வழக்கில் சிக்கியது, பிறகு 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை 2035 வரை தள்ளி வைத்துவிட்டது. காத்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் ஜிஏஓ 2021-ல் எழுதியது: மூன்று வருஷம் கழித்துத் தானாகத் தள்ளுபடி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குள் கடன் கட்ட முடியாமல் தவறியிருந்தார்கள். உரிமை கையில் இருந்தும், அது தெரியாமலேயே கடன் வசூலிப்பவர்களின் தொல்லையை அனுபவித்தவர்கள் அவர்கள்.

மனு இலவசம். கடன் கணக்கை நிர்வகிக்கும் லோன் சர்வீசரிடமே கேட்டு வாங்கலாம். மகள் கடனுக்கு அவளும், ப்ளஸ் கடனுக்கு நீங்களும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். "நாங்கள் தள்ளுபடி வாங்கித் தருகிறோம், 800 டாலர் கொடுங்கள்" என்று இன்னும் சில நாளில் ஃபோன் வரும். கல்லூரி மூடிய செய்தி வந்ததும் இந்த ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். வைத்துவிடுங்கள். மனு பரிசீலனையில் இருக்கும்போது தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து அந்த 2,400 டாலர். இதற்கு ஃபெடரல் தள்ளுபடி பொருந்தாது, ஏனென்றால் இது கல்லூரிக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். தனியார் வங்கிக் கடனுக்கும் இதே நிலைதான். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து, தடித்த எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்: இந்தக் கடனை யார் வாங்கினாலும், விற்றவர் மீது உங்களுக்கு இருக்கும் எல்லா உரிமைக் கோரிக்கைகளுக்கும் அவரும் உட்பட்டவர் என்ற பொருளில் இருக்கும். இதற்கு 'ஹோல்டர் ரூல்' என்று பெயர், 1976-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொன்ன படிப்பைக் கொடுக்காத கல்லூரியிடம் நீங்கள் என்ன வாதம் செய்ய முடியுமோ, அதையே அந்தக் கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்திடமும் செய்யலாம். இதுவரை கட்டியதில் கிரெடிட் கார்டில் போட்டது ஏதாவது உண்டா? இருந்தால், சேவை தரப்படவில்லை என்று கார்டு வங்கியிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அதற்குப் பொதுவாகப் பில் வந்து 60 நாள்தான் கெடு, அதனால் இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள்.

பிறகு மாநிலம். பல மாநிலங்களில் மாணவர் இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதற்கு ஸ்டூடன்ட் டியூஷன் ரிகவரி ஃபண்ட் என்று பெயர், தனியார் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மாநில அமைப்பே அதை நடத்துகிறது. கல்லூரிகள் நல்லபடியாக நடக்கும்போதே கட்டணத்தோடு சிறு தொகை வசூலித்துச் சேர்த்துவைத்து, ஒன்று மூடினால் அதிலிருந்து கொடுப்பது அதன் முறை. ஃபெடரல் தள்ளுபடி எட்டாத பணத்துக்கு இதுதான் நம்பிக்கை. கல்லூரி இருந்த மாநிலத்தின் உயர்கல்வி அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் பெரும்பாலும் அவர்களிடமே விடை இருக்கும்.

கல்லூரி திவால் நீதிமன்றத்துக்குப் போனால், கொடுத்த பணத்துக்குப் படிப்பு கிடைக்காதவர்களும், கல்லூரியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களாகக் கோரிக்கை வைக்கலாம். நுகர்வோர் முன்பணம் என்ற வகையில் ஒரு வரம்பு வரை முன்னுரிமையும் உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 3,800 டாலர். அடமானம் பிடித்து வைத்திருக்கும் வங்கிகள் எடுத்தது போகத்தான் மற்றவர்களுக்கு என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் கோரிக்கை வையுங்கள். ஐடிடி டெக் என்ற லாப நோக்குக் கல்லூரி 2016 செப்டம்பர் 6 அன்று 100-க்கும் மேற்பட்ட வளாகங்களை ஒரே நாளில் மூடியது. முன்னாள் மாணவர்கள் வழக்கறிஞர்களோடு சேர்ந்து அந்தத் திவால் வழக்கில் நுழைந்தார்கள். 2018-ல் ஏற்பட்ட உடன்பாட்டில், மாணவர்கள் கல்லூரிக்கே கட்ட வேண்டியிருந்த ஏறத்தாழ 60 கோடி டாலர் பாக்கி ரத்தானது. உங்கள் 2,400 டாலர் மாதிரியான பாக்கிதான் அது. அந்தக் கல்லூரி ஏற்பாடு செய்து கொடுத்த பீக்ஸ் என்ற தனியார் கடனிலும் 2020-ல் சுமார் 33 கோடி டாலர் தள்ளுபடியானது, 35,000 பேருக்கு. ஆனால் அதற்குள் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று சுருக்கமாக இரண்டு வரி. திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவித்தொகையான பெல் கிராண்ட் வாங்கியவர்களுக்கு வாழ்நாள் வரம்பு உண்டு. மூடிய கல்லூரியில் செலவான பங்கு கணக்கில் திருப்பித் தரப்படும். ராணுவத்தில் இருந்து, அதற்கான கல்வி உதவித் திட்டமான ஜிஐ பில்லில் படித்தவர்களுக்கும் 2017 சட்டம் அதே மாதிரி உரிமையை மீட்டுத் தருகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. ஃபெடரல் கடனே கிடையாது, அதனால் தள்ளுபடியும் இல்லை. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் இருக்கும் பதிவை வேறு கல்லூரிக்கு மாற்றுவது. பண விஷயத்தில் மாநில நிதி, கார்டு மறுப்பு, திவால் கோரிக்கை இவைதான் வழி.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அரசாங்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு தனியார் கல்லூரியின் நிதிக் கணக்கையும் வைத்து மைனஸ் 1-லிருந்து 3 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 1.5-க்குக் கீழே போனால் கூடுதல் கண்காணிப்பு வரும், வங்கி உத்தரவாதமாக 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' கேட்பார்கள். கல்லூரி மூடினால் மாணவர் தள்ளுபடிக்கான பணம் அதிலிருந்து வர வேண்டும் என்பது எண்ணம். நோய் எங்கே என்றால், உத்தரவாதத்தைக் கேட்பது கல்லூரி தள்ளாடத் தொடங்கிய பிறகு. ஐடிடி டெக்கிடம் 2016 ஆகஸ்டில் உத்தரவாதத்தைச் சுமார் 9 கோடி டாலரிலிருந்து 24.7 கோடிக்கு உயர்த்தச் சொன்னார்கள், ஃபெடரல் உதவியோடு புது மாணவர்களைச் சேர்க்கவும் தடை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் கதவைச் சாத்திவிட்டது. கொரிந்தியன் என்ற இன்னொரு லாப நோக்கு நிறுவனத்தின் கல்லூரிகளும் அப்படித்தான்: 2014 ஜூனில் ஃபெடரல் பணத்தை 21 நாள் தாமதித்ததும் மூச்சு முட்டியது, 2015 ஏப்ரல் கடைசியில் மிச்சமிருந்த 28 வளாகங்களை மூடி 16,000 மாணவர்களை நடுத்தெருவில் விட்டது. அங்கே படித்த 5,60,000 பேருக்கு மொத்தமாக 580 கோடி டாலர் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது 2022 ஜூனில். ஏழு வருஷம்.

ஏன் எல்லாமே இப்படித் திடீரென்று நடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் திவால் பாதுகாப்பில் இருந்துகொண்டே கடையை நடத்தலாம். கல்லூரி திவால் மனுக் கொடுத்தால் ஃபெடரல் மாணவர் உதவி பெறும் தகுதியை இழந்துவிடும். வருமானத்தில் பெரும்பகுதி அந்த உதவியாகவே இருக்கும் கல்லூரிக்கு அது மரண தண்டனை. ஆகவே கடைசி நாள்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலக் காட்டுகிறார்கள், கடைசி நாள்வரை புது மாணவர்களைச் சேர்க்கிறார்கள்.

என்னால் இன்னும் ஆற முடியாதது ஆர்கோசி பல்கலைக்கழகத்தின் கதை. கட்டணம் போக மீதமுள்ள கடன் தொகையை 14 நாளுக்குள் மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. வாடகையும் சாப்பாடும் அதில்தான். 2019 தொடக்கத்தில் அப்படிக் கொடுக்க வேண்டிய சுமார் 1.3 கோடி டாலர் மாணவர்களுக்குப் போகவே இல்லை. ஃபெடரல் அரசு கொடுத்துவிட்டது, கல்லூரி வேறு செலவுக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்ட பணம் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. அந்த மார்ச்சில் ஆர்கோசி மூடியது.

அதனால்தான் சொல்கிறேன், உத்தரவாதத்தைக் கல்லூரி நன்றாக நடக்கும் காலத்திலேயே, சேர்க்கை கூடக் கூட, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்க வேண்டும். மாணவருக்குச் சேர வேண்டிய மீதித் தொகை கல்லூரியின் கணக்கைத் தொடவே கூடாது. இழப்பீட்டு நிதி எல்லா மாநிலத்திலும் இருக்க வேண்டும். முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் ஐடிடி டெக்கின் தலைமை அதிகாரிகள் இருவர் 2018-ல் சேர்ந்து கட்டியது 3 லட்சம் டாலர். அதே கல்லூரியின் மாணவர்களுக்காக 2022 ஆகஸ்டில் அரசு தள்ளுபடி செய்தது 390 கோடி டாலர். வரி கட்டுபவர்கள் பணம் அது.

இந்த வாரத்துக்கான வேலை இவ்வளவுதான். மகளின் கல்லூரி இணையக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே ட்ரான்ஸ்கிரிப்ட், சேர்க்கை ஒப்பந்தம், கட்டண லெட்ஜர், வருகைப் பதிவு, பாடத்திட்டம் எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். அந்தக் கணக்கு எந்த நிமிஷமும் அணைந்துபோகும். ஃபெடரல் மாணவர் உதவித் தளத்தில் உள்ளே போய், இருவர் பெயரிலும் இருக்கும் கடன் விவரத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி செயலிழக்கும் என்பதால் சர்வீசரிடம் சொந்த முகவரியைக் கொடுங்கள். டீச்-அவுட் கல்லூரிக்கு அந்த மூன்று கேள்விகளையும் நாளைக்கே அனுப்புங்கள். பதில் வந்ததும் ஒப்பந்தத்தின் அந்தத் தடித்த எழுத்துப் பத்தியோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தப் படிவம் மேஜையிலேயே இருக்கட்டும்.